எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு

2022 நவம்பரில், பழங்குடியினர் பெருமை தினத்தன்று ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஓர் அறிவிப்புச் செய்தார். ஓசூரில் ஐபோன் தயாரிக்கும் ஆலை வருகிறது, அதில் 60,000 பேர் வேலை செய்வார்கள், அவர்களில் முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிச் சகோதரிகள் என்றார். ஜார்க்கண்ட் மலைக்காட்டிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் வந்து தமிழ்நாட்டில் வேலைக்குச் சேரும் அந்தப் பெண்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் வழியாக 150 கிலோமீட்டருக்குள் எட்டிவிடும் இன்னொரு பழங்குடி மலை இருக்கிறது. அதன் பெயர் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் பீஞ்சமந்தையிலும் பள்ளி முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் ஓசூருக்குக் குடிபோவது குறித்து அரசிடம் ஒரு திட்டம் உண்டா? அந்த வீடுகளில்தான் உண்டா? இரண்டும் இல்லாததால்தான் மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தெரிந்த மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது.

மலைமக்கள் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று பேசுவோர் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். மானாவாரிச் சாமை, கொஞ்சம் கேழ்வரகு, புளி, கடுக்காய், பருவத்தில் பலாவும் சீத்தாப்பழமும். இவற்றைக் கொண்டு ஆண்டு முழுவதும் அடுப்பெரிய வைக்க முடியாது. ஆகவே மிளகு பறிக்கக் கேரளத்துக்கும், காப்பித் தோட்டங்களுக்காகக் குடகு, சிக்கமகளூருக்கும், பனியன் கம்பெனிகளுக்காகத் திருப்பூருக்கும் குடும்பங்கள் போகின்றன. பெரும்பாலும் முன்பணம் வாங்கிக்கொண்டு போகின்றன. அந்தப் பணம் கழிகிற வரை திரும்புவது அவர்கள் கையில் இல்லை. இன்னும் கொடுமையான பயணம் ஒன்றும் உண்டு. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி, சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்படை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஜவ்வாது மலை ஊர்க்காரர்களும் இருந்தார்கள். இரண்டு நாள் கூலிக்காகக் காட்டு மரத்தை வெட்டப்போன ஆட்களிடம் 'ஊரிலேயே இருங்கள்' என்று சொல்ல யாருக்கும் அருகதை இல்லை. போவதா வேண்டாமா என்பது பழைய கேள்வி. எங்கே போவது, யார் பொறுப்பில் போவது, எதைக் கையில் வைத்துக்கொண்டு போவது என்பவைதான் இன்று கேட்க வேண்டியவை.

எங்கே என்பதற்கு என் பதில் ஓசூர். பெங்களூரு அல்ல, ஓசூர். வரைபடத்தில் இரண்டும் ஒட்டிக் கிடக்கின்றன. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி என்று கட்டடங்கள் இடைவெளியில்லாமல் தொடர்கின்றன. ஐடி ஊழியருக்கு அந்த எல்லைக்கோடு சுங்கச்சாவடியில் நிற்கும் சில நிமிடங்கள், அவ்வளவே. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்கு அது தலைமுறையின் விதியை மாற்றக்கூடிய கோடு. பழங்குடிப் பட்டியல் மாநிலவாரியாக வகுக்கப்பட்டது. ஒரு மாநிலத்தில் பழங்குடியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொன்னது. 2018இல் பீர் சிங் வழக்கில் அதே நிலையை மற்றொரு அமர்வு உறுதிசெய்தது. ஆக, புதூர்நாட்டுப் பெற்றோர் பொம்மசந்திராவில் குடியேறி அங்கேயே பிள்ளையை வளர்த்தால், கர்நாடக அரசின் கல்லூரி இடத்துக்கோ வேலைக்கோ அந்தப் பிள்ளை பழங்குடியாக விண்ணப்பிக்க வழியில்லை. இருபது கிலோமீட்டர் முன்பாகவே நின்றிருந்தால் அந்த உரிமை போயிருக்காது.

தமிழ்நாட்டுக்குள்ளேயும் எல்லா ஊரும் ஒன்றல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. மலையாளிச் சமூகம் இந்த மாநிலத்தின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகப் பெரியது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 3.5 லட்சம் பேர். ஆனால் பட்டியலில் அவர்கள் பெயருக்கு அருகே மாவட்டங்களும் எழுதப்பட்டிருக்கின்றன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. பழைய கோயம்புத்தூர் மாவட்டம் அதில் இல்லை. அதனால்தான் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் பழங்குடிச் சான்றிதழுக்காகப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். திருப்பூர் போய் நிலைத்துவிட்ட ஜவ்வாது மலைக் குடும்பத்துக்கும் அடுத்த தலைமுறையில் இந்தச் சிக்கல் வரக்கூடும். ஓசூரின் நிலை வேறு. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது இருக்கிறது. பட்டியல் சொல்லும் நிலப்பரப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பெருநகரத்தின் தொழில் வளத்தை எட்டித் தொடும் தூரத்தில் இருந்துகொண்டே, சொந்தச் சட்ட அடையாளம் முழுசாகச் செல்லுபடியாகும் ஊர் மலையாளிகளுக்கு இதைவிட நல்லதாக ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சான்றிதழோடு இது முடிவதுமில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கே மருத்துவம், பொறியியல் படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. அதே அடிப்படையில்தான் உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. அரசுப் பணித் தேர்வில் தமிழ்வழிக்கான 20 சதவீத முன்னுரிமை கேட்பவர், முதல் வகுப்பிலிருந்தே தமிழில் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். எல்லை தாண்டிக் கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ மூன்று வருடம் படித்துவிட்டு ஊர் திரும்பும் குழந்தை, தன் பெற்றோருக்கே தெரியாமல் இந்தக் கதவுகளில் சிலவற்றை இழந்துவிடுகிறது. இவை காகிதச் சலுகைகள் என்று நினைப்பவர்கள் 2024ஐ நினைவுபடுத்திக்கொள்ளட்டும். ஜவ்வாது மலையை ஒட்டிய புலியூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதி தேர்வில் வென்றார். குழந்தை பிறந்த ஓரிரு நாளில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதிய அவருடைய மன உறுதியை எல்லாரும் பாராட்டினோம். அந்த உறுதி கால் ஊன்றி நிற்க மண் ஒன்று இருந்தது: தமிழ்வழிக் கல்வியும் அதற்கான முன்னுரிமையும். குடிபெயரும் குடும்பம் தன்னை அறியாமலே விட்டுவிட்டுப் போகக்கூடியது அந்த மண்ணைத்தான்.

பெங்களூரில் கூலி கூடுதல் என்ற மறுப்பு உடனே வரும். வேலை பெங்களூரில் இருக்கட்டும், குடியிருப்பு ஓசூரில் இருக்கட்டும் என்பதே என் பதில். பல ஆயிரம் பேர் ஏற்கெனவே அப்படித்தான் வாழ்கிறார்கள். 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூர் வரை நீட்டும் யோசனையும் பேச்சில் இருக்கிறது. மேலும், ஓசூரை இனிமேல் பெங்களூரின் புறநகர் என்று மட்டும் சொல்வது பொருந்தாது. எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை, அதைத் தொடர்ந்து அசோக் லேலண்டு, டிவிஎஸ், 1987இல் டைட்டன் கடிகார ஆலை என்று தொடங்கி, 2019இல் மாநகராட்சி ஆகி, இன்று மின்னணு உதிரிபாகங்களில் வந்து நிற்கிறது. 2024 ஜூனில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அங்கே அமையும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அது எப்போது வரும் என்பது வேறு. அறிவிப்பு வந்த நாளிலிருந்தே நிலத்தின் விலை ஏறுகிறது, வாடகையும் ஏறும். ஐந்து வருடம் கழித்துப் போகலாம் என்று காத்திருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு ஓசூரில் இடம் கிடைப்பது இப்போதிருப்பதைவிடக் கடினமாகத்தான் இருக்கும். ஓசூர் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பெங்களூரின் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரை நுரையாகப் பொங்குவதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் படமெடுத்துப் போடுகிறார்கள். மலை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் அங்கே குழாய்த் தண்ணீரை நம்பி, லைன் வீட்டின் ஒற்றை அறையில் நாலு பேராகப் படுக்க வேண்டியிருக்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

தெரிந்துகொண்டு போவது என்றால் என்ன? குடும்பம் முழுவதையும் ஒரே நாளில் கிளப்பிக்கொண்டு போவது பெரும் தவறு. முதலில் ஒருவர், முடிந்தால் ஒரே ஊரைச் சேர்ந்த நாலைந்து பேர் சேர்ந்து போய், வேலை நிலைத்து, குழந்தைக்குப் பள்ளியும் பார்த்த பிறகு மற்றவர்கள் போகலாம். மலையை விட்டு இறங்கும் முன்பே கைக்கு வர வேண்டியது சாதிச் சான்றிதழ். மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அளவிலேயே கிடைப்பது, பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரிடமிருந்துதான் வர வேண்டும். அதற்கான அலைச்சலை ஓசூரில் ஷிஃப்ட் வேலைக்கு நடுவே செய்ய முடியாது. அடுத்து, ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் மூன்றாவது பெயர் என்று இருப்பதைச் சரிசெய்ய வேண்டும். இது அற்பமாகத் தோன்றலாம். வேலையை விட்டு வருகிறபோது வருங்கால வைப்பு நிதிப் பணம் வராமல் முடங்குவது பெரும்பாலும் இந்த எழுத்துப் பிழைகளால்தான். சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்து, கம்பெனியும் தன் பங்கைப் போட்டு வைத்த பணம், பிறந்த தேதி ஒத்துப்போகாததால் கிடப்பில் கிடக்கும். ரேஷன் அட்டையை மாற்ற அவசரப்பட வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் பொருள் வாங்க 2020 முதல் வழி இருக்கிறது. வாக்குரிமையில் மட்டும் கவனம் தேவை. 2025 இறுதியில் நடந்த வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் சுமார் 97 லட்சம் பெயர்கள் வரைவுப் பட்டியலில் இடம்பெறாமல் போயின. முகவரி மாறியவர்கள் என்று நீக்கப்பட்டவர்களே அவர்களில் அதிகம். எங்கே வேலைக்குப் போனாலும் ஏதாவது ஓர் ஊரின் பட்டியலில் பெயர் இருந்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரிடமும் முன்பணம் வாங்காமல் இறங்க வேண்டும். முன்பணம் வாங்கியவருக்கு அந்த வேலையை விட்டு விலகும் உரிமை இல்லாமல் போகிறது.

இனி, இந்த வாதத்துக்கு எதிரான வலுவான குரலுக்கு வருகிறேன். இந்த ஆலைகள் இளம் பெண்களைக் காண்ட்ராக்டில் எடுத்து, சில ஆண்டுகள் பிழிந்துவிட்டு அனுப்பிவிடுகின்றன. மலைப் பெண்களை அங்கே அனுப்பச் சொல்வது கம்பெனிகளுக்கு மலிவாக ஆள்பிடித்துக் கொடுப்பது ஆகாதா என்று தொழிற்சங்கத்தார் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஐபோன் ஆலைத் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் கெட்டுப்போன உணவால் 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 2025 நவம்பரில் ஓசூர் அருகே ஒரு பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் கேமரா வைக்கப்பட்டிருந்தது தெரிந்து ஆயிரக்கணக்கானோர் இரவோடு இரவாகப் போராட்டத்தில் இறங்கினார்கள். இவற்றை மறைத்துவிட்டு யாரையும் போகச் சொல்லக் கூடாது. ஆனால் இந்த இரண்டு செய்திகளையும் முழுதாகப் படிக்க வேண்டும். 2021இல் அந்தப் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது, ஆப்பிள் நிறுவனம் அதைக் கண்காணிப்பில் வைத்தது, விடுதிகளைச் சரிசெய்வதற்காக அடுத்த ஜனவரி பாதிவரை வேலை தொடங்கவில்லை. பிறகு, 2024 ஆகஸ்டில் அதே பகுதியின் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசே கட்டித் திறந்தது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்வதால், பெயர்ப் பதிவேட்டில் இருப்பதால், ஊரறியக் கூக்குரல் எழுப்ப முடிந்தது. குடகுத் தோட்டத்தின் நடுவில் முன்பணக் கடனோடு முடங்கிக் கிடக்கும் நாலு குடும்பங்களின் குரல் எந்த நெடுஞ்சாலையை எட்டும்? ஆலை நல்லது என்பதல்ல என் கட்சி. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவருக்கு இஎஸ்ஐ மருத்துவமும் 26 வாரப் பேறுகாலப் பலனும் சட்டப்படி உண்டு. கேட்டுப் பெற ஓர் இடமாவது இருக்கிறது. மேஸ்திரியின் நோட்டில் அது கிடையாது.

வேலையை மலைக்குக் கொண்டுபோகலாமே என்பது இன்னொரு மறுப்பு, அக்கறையோடு சொல்லப்படுவது. கொண்டுபோக முடிந்ததைக் கொண்டுபோகத்தான் வேண்டும். சாமையை அரிசியாக்கும் இயந்திரம், தேன், புளி ஆகியவற்றுக்கு நேரடிச் சந்தை, உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஆகியவை மலையில் வேர்விட்டிருக்கின்றன. இன்னும் வளர வேண்டும். ஆனால் மலை எதைத் தாங்கும் என்பதற்குக் காவலூரைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. 1968இல் ஜவ்வாது மலையின் அந்த ஊரில் தொலைநோக்கி வைக்கப்பட்டது; 1986 ஜனவரியில் 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். இன்று அது வைணு பாப்பு வானாய்வகம். நாட்டின் உயர்ந்த அறிவியல் கூடங்களில் ஒன்று அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த மலைமேல் இருக்கிறது. அதை வானியலாளர் வைணு பாப்பு இங்கே கொண்டுவந்ததே இருட்டுக்காகத்தான். காடும், கும்மிருட்டும், பாறை ஓடைகளும்தான் இந்த மலையின் சொத்து. அங்கே சிப்காட் வந்தால் மூன்றும் போகும். பிள்ளைகள் கீழே வேலை செய்யவும், மலை மலையாகவே இருக்கவும் ஒரு வழி வேண்டும் என்றால் அது போய்வரக்கூடிய தூரத்து ஓசூர்தான். பண்பாடு அழிந்துவிடும் என்று அஞ்சுவோருக்கும் ஒன்று சொல்லலாம். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது மலையாளிகள் தங்களைப் பற்றித் தாங்களே வழிவழியாகச் சொல்லும் கதை. இடம்பெயர்ந்தும் நாடு, நாட்டாண்மை, திருவிழா என்று ஒரு முழு வாழ்க்கையைப் புதிதாகக் கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். திருவிழாவுக்கும் சாமை அறுவடைக்கும் இரண்டே பேருந்தில் ஊர் வந்து சேர முடிகிறவரின் வேர், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வந்துபோகும் தோட்டத் தொழிலாளியின் வேரைவிட அறுபடாமல் நிற்கும்.

அந்த 'இரண்டே பேருந்து' இன்று ஆசைதான். ஜவ்வாது மலையை மூன்று மாவட்டங்கள் பங்கு போட்டிருக்கின்றன. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலைக்குப் போகிறது, புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு 2019இல் பிறந்த திருப்பத்தூருக்குப் போகின்றன, பீஞ்சமந்தை வேலூருக்கு. ஒரே மக்கள், மூன்று ஆட்சியர்கள், அவரவர் மலைச்சரிவு அவரவர்க்கு. இந்த மலையிலிருந்து எத்தனை பேர் எங்கே போகிறார்கள் என்று ஒரே இடத்தில் கணக்கு வைக்க யாருக்கும் பொறுப்பில்லை. சட்டத்திலும் இதே பள்ளம். 1979இன் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் மாநில எல்லையைக் கடப்பவரை மட்டுமே கண்டுகொண்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதே பாதையில்தான் போகிறது. பீஞ்சமந்தையிலிருந்து ஓசூர் போகும் பெண் சட்டத்தின் கண்ணுக்குப் புலம்பெயர் தொழிலாளியே அல்ல. ராஜஸ்தானின் உதயப்பூரில் ஆஜீவிகா பீரோ என்ற தொண்டு நிறுவனம் இருபது ஆண்டுகளாக ஒரு வேலை செய்துவருகிறது: ஆட்கள் கிளம்பும் பழங்குடி ஊர்களிலும், அவர்கள் போய்ச் சேரும் அகமதாபாத் போன்ற நகரங்களிலும் மையங்களை நடத்தி, அடையாள அட்டையும் கூலிப் பாக்கி வழக்குகளுக்குச் சட்ட உதவியும் தருகிறது. தமிழ்நாடு அரசுக்கு இது பெரிய செலவே அல்ல. ஜமுனாமரத்தூரில் ஒரு மேசை, திருப்பத்தூரில் ஒன்று, ஓசூரில் ஒன்று. மூன்றும் ஒரே பதிவேட்டில் எழுதட்டும். மலையில் இருக்கும் மேசை சான்றிதழ்களைச் சரிசெய்து அனுப்பும். ஓசூர் மேசை வேலை, அறை, பள்ளி இடம், சம்பளப் பாக்கி ஆகியவற்றைப் பார்க்கும். பணிபுரியும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகளில் மலைப் பெண்களுக்கென்று சில படுக்கைகள் ஒதுக்கலாம். மலையிலிருந்து ஓசூருக்கு விடியற்காலையிலும் சனிக்கிழமை இரவிலும் நேரடிப் பேருந்து ஓடலாம். திருப்பத்தூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே ஆங்கிலேயர் காலத்தில் ஒரு சிறு ரயில் ஓடி, பிறகு பிடுங்கப்பட்டது. ஜோலார்பேட்டை - ஓசூர் புதிய பாதையின் பேச்சு வருடக்கணக்காக நடக்கிறது. ரயில் வரும்போது வரட்டும். பேருந்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை.

கடைசியாக நிலம். குடும்பத்தில் உழைக்கும் கைகள் ஓசூர் போய்விட்டால், மலையில் கிடக்கும் இரண்டு ஏக்கரை விற்றுவிடச் சொல்லி வருகிறவர்கள் கட்டாயம் வருவார்கள். சுற்றுலா வளர வளர விடுதி கட்ட இடம் தேடுவோர் இன்னும் அதிகமாக வருவார்கள். ஆந்திரத்தில் 1970இன் ஒன்று பை எழுபது சட்டம் பழங்குடிப் பகுதி நிலத்தைப் பழங்குடி அல்லாதவர் வாங்குவதைத் தடுக்கிறது. 1997இல் சமதா வழக்கின் தீர்ப்பு அதற்கு மேலும் பலம் கொடுத்தது. தமிழ்நாட்டில் பழங்குடி நிலத்துக்குக் காப்பளிக்கும் அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதியாக ஒரு மலைகூட அறிவிக்கப்படவில்லை. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தும், நீதிமன்றத் தடையால் 2016 வரை இங்கே பட்டா கொடுப்பது நின்றிருந்தது. இன்னும் பல குடும்பங்கள் உழும் நிலத்துக்குக் காகிதம் இல்லை. காகிதம் கைக்கு வரும் முன்பே ஆள் ஊரில் இல்லாமல் போனால், அனுபவத்தில் இருந்ததை நிரூபிக்கவும் ஆள் இராது. எனவே ஓசூருக்கு மூட்டை கட்டுகிற ஒவ்வொரு வீட்டிலும் வன உரிமை மனு முதலில் கிராம சபையில் பதிவாகியிருக்க வேண்டும்; கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வீட்டில் இருக்க வேண்டும். ஐந்தாம் அட்டவணை குறித்துக் குடியரசுத் தலைவரின் ஆணை வரும் நாள் வரை, அந்தச் சீட்டு ஒன்றுதான் ஆள் இல்லாத நிலத்துக்குக் காவல் நிற்கும்.